ஒரே இழுப்புல அறுக்கணும்

— மடக்குக் கத்தி வேண்டாம் பாய். அத விரிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிரும். மடங்காத கத்தியாக் காட்டுங்க.

— என்ன முடிஞ்சு போயிரும்? ஏம்மா, விருதுநகர்ல எத்தன கடை இருக்கு. நான் ஷட்டரத் தூக்கி முடிக்கல, வந்து கத்தி குடுன்னு நிக்கிறே. எந்த ஊரு ஒனக்கு?

— ஆமத்தூரு. பேரு அய்யம்மா. பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போறேன். போதுமா?

— போதாது. பட்டாசுக் கம்பெனிக்காரிக்குக் கத்தி எதுக்கு? அங்கன இரும்பு கொண்டு போகப்படாது, உரசுனா பொறி பறக்கும்னு எனக்கே தெரியும்.

— உள்ள கொண்டு போகல. காம்பவுண்டுக்கு வெளிய ஒரு வேம்பு நிக்கிது. அதுல தொங்க விடப்போறேன்.

— மரத்துல ஒளிச்சு வைக்கப் போறியா?

— ஒளிக்கிறதா இருந்தா ஒங்ககிட்ட சொல்லுவேனா? காட்டு வேலைக்குன்னு வச்சுக்கோங்க.

— வச்சுக்கோங்கன்னா என்ன அர்த்தம்? காட்டு வேலைக்குன்னா பன்னருவா போதும். இந்தா, பட்டறையில அடிச்ச சரக்கு.

— இது வளைஞ்சு, முனை உள்ள பாத்து நிக்கிது. குத்திப்புடும்.

— எதுல குத்திப்புடும்? ஏம்மா, ஒன்னத்தான. வாயத் தொறந்து சொல்லு.

— நீங்க கத்தி விக்கிறீகளா, வெசாரண பண்றீகளா?

— வெசாரணதான். ரெண்டு வருசத்துக்கு முந்தி இந்த செய்யது அபுதாஹிர்கிட்ட ஒருத்தன் தேங்கா உரிக்கன்னு கத்தி வாங்கிட்டுப் போனான். மறுநா மச்சினன் வயித்துல எறக்கிட்டான். மூணு நாளு நான் ஸ்டேசன் பெஞ்சுல உக்காந்திருந்தேன். அன்னையிலருந்து கேக்காமக் குடுக்கிறதில்ல, வெளங்குதா? ஒம் புருசன் செல்போன் நம்பரு சொல்லு. ஒரு வார்த்த பேசிட்டுத் தாரேன்.

— செல்போனெல்லாம் எங்க வீட்டுல இல்ல. தெருமுக்குல ஒத்தரூவாப் போன்தான். புருசனும் இல்ல. அந்தக் கறுப்புப் பிடி எம்புட்டு?

— நூத்தி இருவது.

— அலகு பிடிக்குள்ள எம்புட்டுத் தூரம் போகுது?

— கடைசி வரைக்கும் போகுது.

— தட்டுனா பொத்துன்னு கேக்குதே. பாதியோட நிக்கிது பாய். இழுக்கிற இழுப்புல பிடி தனியாக் கையோட வந்துரும். எந் தலையில கட்டப் பாக்கீக.

— யா அல்லா! இதெல்லாம் ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

— நேத்து நாலு கடை ஏறி எறங்குனேன், தெரிஞ்சுபோச்சு. ரெண்டு கடையில சொன்ன வெல எனக்கு எட்டல. ரெண்டு கடையில எம் மூஞ்சியப் பாத்துட்டுக் கத்தியே இல்லன்னுட்டாக.

— மூஞ்சி அப்படித்தான் இருக்கு. சரி, இதப் பாரு. மரப்பிடி, மூணு ஆணி. அலகு கடைசி வர ஓடுறது வெளியவே தெரியுது. நூத்தி அறுவது. இதுல ஏமாத்து இல்ல, வெளங்குதா?

— மழையில கெடந்தா துருப்பிடிக்குமா?

— எண்ணெ தடவி வச்சா பிடிக்காது. எவர்சில்வர் அலகுன்னா அந்தக் கவலையே இல்ல, ஆனா வெல ரெண்டு பங்கு. ஒனக்குத் தாங்காது.

— இதுவே இருக்கட்டும். வாரம் ஒருக்க எண்ணெ போட்டுக்கிறேன். உறையிலருந்து ஒத்தக் கையால உருவ வருமா?

— இன்னொரு கை என்ன செய்யும்?

— ஆளப் பிடிச்சிருக்கும்.

— கத்தியக் கீழ வையி.

— பாய், நான் சொல்றதக்...

— வையிம்மா மொதல்ல! ஆளப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கையில உருவணுமாம்ல. யாரு அவன்? கம்பெனி போர்மேனா? கையக் கிய்யப் பிடிச்சு இழுத்தானா? சொல்லு, நாலு பெரியவுகளக் கூட்டிக் கேப்போம். கத்தி எதுக்கு?

— ஆம்பள ஒருத்தனும் இல்ல. நீங்க ஒரு வேல செய்ங்க. இந்த முனையச் சாணையில குடுத்து மழுக்கித் தாங்க. அலகு மட்டும் கூரா இருந்தாப் போதும்.

— கத்தி வாங்க வந்துட்டு முனை வேண்டாங்கிறே. தாயி... அல்லா மேல ஆணையாக் கேக்குறேன், நீ ஒன்னையே எதுவும் செஞ்சுக்கப் போறியா?

— சாகுறதுக்குக் கத்தி எதுக்கு பாய்? எங்க கம்பெனிக்கு வேலைக்குப் போனாலே போதும்.

— அப்ப எதுக்குன்னு சொல்லு. சொல்லாம இது எங் கடையவிட்டு எறங்காது.

— பையில ஒரு துணி வச்சிருக்கேன். அத வெட்டிக் காட்டுங்க. சொல்றேன்.

— இது பாலியஸ்டர் சேலையாச்சே. பாதி கருகிக் கெடக்கு... இத எதுக்குக் கொண்டாந்தே?

— வெட்டுங்க பாய்.

— இந்தா, ஒரே இழுப்பு. பாத்தியா? இப்பச் சொல்லு, யாரு சேல இது?

— எம் மக வேல்விழியோடது. பத்தொம்பது வயசு. என்கூடத்தான் வேல பாத்தா. போன மாசியில அவ இருந்த ரூம்ல மருந்து பத்திக்கிருச்சு.

— அல்லாவே... வெளிய வர முடியலையா?

— வந்துட்டா பாய். சேலையில தீயோட அந்த வேம்படி வரைக்கும் ஓடியாந்து எங் கையிலதான் விழுந்தா. மண்ண அள்ளிப் போட்டோம், சாக்கப் போட்டோம். இடுப்புல சுத்துன சுத்து அப்படியே உருகி இறுகிப்போச்சு, அவுக்க வரல. அம்புட்டுப் பேரு சுத்தி நிக்கிறாக, ஒருத்தர்கிட்டயும் வெட்டுறதுக்கு ஒண்ணுமில்ல.

— அப்புறம் என்னம்மா செஞ்சே?

— பல்லால கடிச்சுக் கிழிச்சேன் பாய். பாதி கிழிக்கிறதுக்குள்ள அவ கத்துறத நிப்பாட்டிட்டா.