கப்பலேறிய பெயர்

யுத்தம் முடிந்த வருடம், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரயில். எங்கள் பலகையில் ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். எதிர்ப் பலகையில் இரண்டே பேர். ஒருவர் பட்டாளத்திலிருந்து திரும்பியவர். மற்றவர் அவருடைய மாமா. புவனகிரியில் ஒரு சாவுக்கு அடிக்கப் போகிற மாமா, பறையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

“நம்ம சாதிப் பேரு சீமையிலயும் இருக்கு மாமா.”

“அட போ மாப்ள.”

“நெசமாத்தான். இத்தாலி ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப ஒரு பாதிரி சொன்னாரு. போர்ச்சுகீசு கப்பல்காரங்க இங்கருந்து கொண்டு போனாங்களாம். இங்கிலீஷ்காரன் ‘பரையா’ங்கறான். பிரெஞ்சுக்காரன், இத்தாலிக்காரன், ஜெர்மன்காரன் எல்லாரும் ‘பாரியா’ங்கறாங்க.”

மாமாவின் முகம் மலர்ந்தது. “அப்ப அவுங்களும் பறை அடிக்கிறாங்களா?”

“இல்ல மாமா. யாரும் சேத்துக்காம தள்ளி வச்சவன அங்க அப்படிச் சொல்றாங்க.”

ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டியது. மாமா பறையின் தோலை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

“பேர மட்டும் கப்பல்ல ஏத்தியிருக்கான்” என்றார். “இத இங்கயே உட்டுட்டான்.”