அம்மாவுக்குப் பக்கத்து மிஷின்

— கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி படிச்சுப் பாருங்க, பூர்ணிமா அப்பா. பொண்ணைக் காலேஜுக்கு அனுப்பலன்னு நீங்களே எழுதிக் குடுக்கிற காகிதம் இது.

— படிச்சு இன்னா டீச்சர் ஆகப் போவுது? எங்க போடணும், அதச் சொல்லுங்க. டேனரில பர்மிஷன் கேட்டு வந்திருக்கேன். டிரம்முல தோலு சுத்திக்கினு இருக்குது.

— சுத்தட்டும். காலையிலேர்ந்து உங்களையும் சேத்து ஏழு பேரு. ஒரு பையனுக்கு ஆஸ்துமா, அவனைச் சாயம் அடிக்கிற வேலைக்கு அனுப்பறேங்கறாங்க. ஒரு பொண்ணுக்குச் சக்கரை, ஊசி போடறது வெளிய தெரிஞ்சா கல்யாணம் ஆகாதுன்னு அழறாங்க. உடம்புக்கு முடியாத பசங்களுக்கு வழிகாட்டுங்கன்னு இந்தப் பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. பாடமும் நடத்தி இதையும் பாத்து, தொண்டத் தண்ணி வத்திப் போச்சு.

— அதான் சொல்றேன். உங்களுக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு. கையெழுத்தப் போட்டுட்டா ஆளுக்கொரு பக்கம் போலாம்.

— நாலரை பஸ்ஸை விட்டா நான் பள்ளிகொண்டா போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிடும். அப்பவும் உங்களை விடறதா இல்ல. பூர்ணிமா, நீ ஏன் கதவாண்டயே நிக்கிற? வந்து உக்காரு.

— பரவால்ல மிஸ்.

— கணக்குப்பதிவியல்ல ஸ்கூலுக்கே இவதான் முதல். வேலூர்ல பி.காம். கெடைக்கும், ஹாஸ்டல் இருக்கு. இவளைக் கொண்டு போய் ஷூ கம்பெனில தைக்க உக்கார வைக்கறேன்னா எனக்கு வயிறு எரியுதுங்க.

— நான் எங்க உக்கார வைக்கறேன்? அவளே கேட்டது. வேணும்னா கேளுங்க.

— நீயா கேட்ட?

— ஆமா மிஸ்.

— அப்பா பக்கத்துல இருக்கும்போது வேற என்ன சொல்லுவ?

— அய்யய்ய, நான் மெரட்டற ஆளு கெடையாது டீச்சர். நாலாங் கிளாஸ்ல இவ மொதல் வாட்டி வலிப்பு வந்து விழுந்தப்போ பேரணாம்பட்டு ரோட்ல தோள்ல போட்டுக்கினு ஓடனவன் நான். கோயிலு, தர்கா, மந்திரிச்ச கயிறு, எதையும் வுடல. என் பொண்ணு படிக்கக் கூடாதுன்னு எனக்கு இன்னா வேண்டுதலா?

— அப்புறம் ஏன்?

— நீங்கதான போன மாசம் ஒரு லிஸ்ட்டு சொன்னீங்க? போலீஸ் கெடையாது, டிரைவர் கெடையாது, நர்ஸும் கஷ்டம்னு. இவளுக்கு நர்ஸுன்னா உசுரு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோறு திங்கல.

— அதைச் சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? எத்தனை பசங்ககிட்ட எத்தனை தடவைதான் கெடையாது, முடியாதுன்னு சொல்றது. அதனாலதான் முடியறதைத் தேடித் தேடி பி.காம்.னு பிடிச்சு வெச்சிருக்கேன்.

— பஸ்ஸுல விழுந்தா யாரு பாப்பாங்க டீச்சர்? ஹாஸ்டல்ல விழுந்தா? கூட இருக்கற புள்ளைங்க செல்லுல படம் புடிச்சுப் போட்டுடும். கம்பெனில இவங்கம்மா இருக்கா. அவ லைன்ல பக்கத்து மிஷின் காலியாவுது. இது விழுந்தா அவ புடிச்சுக்குவா. பெத்தவள வுட நல்ல ஹாஸ்டல் எங்க இருக்குது, நீங்களே சொல்லுங்க.

— ஊசி ஓடிட்டு இருக்கும்போது வலிப்பு வந்தா இவ கை என்னாகும்? ஓடற மிஷின்கிட்ட வேலை கூடாதுன்னு டாக்டரே எழுதியிருக்காரு.

— அங்க வராது டீச்சர்.

— எப்படி வராது?

— தோல் வாடைக்கு வராது.

— என்னது?

— வலிப்பு வந்தா செருப்ப மூக்காண்ட காட்றாங்களா இல்லியா? எதுக்கு? தோல் வாடைக்கு அது ஓடிடும். வந்தப்புறம் காட்றத முன்னாலயே காட்டிட்டா? ஜூன் மாசம் ஒரு துண்டு கொண்டாந்தேன். கெமிக்கல்ல பதம் பண்ற குரோம் தோலு இல்ல, ஆவாரம்பட்டையில ஊறப் போட்டுப் பதம் பண்ண தோலு. அதுக்குத்தான் வீரியம் ஜாஸ்தி. இவ தலகாணி உறைக்குள்ள வெச்சு நானே தெச்சேன். மாத்திரைய நிறுத்திட்டேன். எட்டு மாசம் டீச்சர்! ஒரு தபா கூட வரல. ஒரு துண்டுக்கே இப்படின்னா, கம்பெனி பூரா தோலு. யோசிச்சுப் பாருங்க.

— ஐயோ ஆண்டவா. அப்படிப் பாத்தா ஊரு பூரா தோல் வாடை அடிக்கிற இந்த ஆம்பூர்ல ஒருத்தருக்கும் வலிப்பே வரக் கூடாதே.

— யாருக்கு வந்துது சொல்லுங்க பாப்போம்.

— இந்த ஸ்கூல்லயே இவளைத் தவிர ரெண்டு பேருக்கு இருக்கு.

— அவங்க அப்பனுங்க இன்னா வேலை?

— ஒருத்தர் மளிகைக் கடை வெச்சிருக்காரு.

— பாத்தீங்களா!

— இன்னொருத்தர் தோல் மண்டி. போதுமா?

— அது... மண்டிக்கு வர்றது பதம் பண்ணாத உப்புத் தோலு டீச்சர். அது வேற.

— உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியாதுப்பா. சரி, நான் ஒண்ணு சொல்றேன். கோவப்படக் கூடாது. நீங்கதான் மாத்திரையை நிறுத்தினீங்க. நான் நிறுத்தல.

— இன்னா சொல்றீங்க?

— நீங்க நிறுத்தினதை அப்பவே இவ சொன்னா, ஸ்கூலுக்கு வந்த டாக்டர்கிட்ட நான் மறுபடி எழுதி வாங்கினேன். மாசா மாசம் ஆஸ்பத்திரி வரிசையில நின்னு வாங்கியார்றேன். என் பீரோவுலதான் இருக்கு. தெனம் பிரேயர் முடிஞ்சதும் காலைக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணுன்னு இவ கையில குடுத்துடுவேன். சனி ஞாயிறுக்கு வெள்ளிக்கிழமையே பொட்டலம் கட்டிக் குடுப்பேன். உங்களைக் கேக்காம செஞ்சது தப்புதான். ஆனா இந்த எட்டு மாசம் நீங்க நிம்மதியா இருந்தது மாத்திரையாலதான்.

— பூர்ணிமா, நெஜமா?

— மிஸ் குடுத்தாங்கப்பா.

— ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லலியே.

— அவளைத் திட்டாதீங்க. நான்தான் சொல்ல வேணாம்னேன்.

— திட்டல டீச்சர். காலைல வேலைக்குப் போறப்ப தெனம் அந்தத் தலகாணியத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போவேன். மடையன். சுத்த மடையன் நான்.

— விடுங்க. பெத்த மனசு, எதைப் பிடிச்சாவது கரையேறலாம்னுதான் பாக்கும்.

— அப்போ மாத்திர போட்டுக்கினா ஹாஸ்டல்லயும் வராதா?

— விடாம போட்டா பெரும்பாலும் வராது. இவளுக்கு எட்டு மாசமா வரலியே, அது போதாதா? ஹாஸ்டல் வார்டன் ஜெஸி என்கூடப் படிச்சவதான். நானே நேர்ல போய்ச் சொல்லி விட்டுட்டு வர்றேன்.

— சரி டீச்சர். அந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போடுங்க. காலேஜு காகிதம் குடுங்க. எங்க போடணும்?

— இங்க, பேருக்குக் கீழ. அப்பாடா! ஏழு பேர்ல ஒருத்தராவது இன்னிக்குக் காது குடுத்துக் கேட்டீங்க. ஏய் பூர்ணிமா, எதுக்கு இப்போ அழற?

— அப்பா, போடாதப்பா.

— இன்னாம்மா?

— மிஸ், நான் அந்த மாத்திரைய ஒண்ணு கூட முழுங்கல.

— விளையாடாத பூர்ணிமா. எனக்குத் தெம்பு இல்ல.

— எனக்கு வந்துக்கினேதான் இருக்கு மிஸ், அப்பா கண்ல படாம மறைச்சுட்டேன். போன புதன்கிழமை கூட வந்துது, ஸ்கூல் பாத்ரூம்ல. என் கிளாஸ் லுப்னாதான் பக்கத்துல இருந்தா. யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டேன்.

— அடிப்பாவி! அது எவ்ளோ ஆபத்து தெரியுமா? எட்டு மாச மாத்திரையையும் என்ன பண்ண? தூக்கி எறிஞ்சியா?

— அம்மாவுக்குக் குடுத்தேன்.

— உங்கம்மாவுக்கு எதுக்கும்மா வலிப்பு மாத்திர?

— அம்மாவுக்கும் வருதுப்பா. ஸ்கூல் தொறந்த மாசம், கம்பெனிலதான் மொதல்ல வந்துது. வெட்டி வெச்ச தோலு மேலயே விழுந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா கம்பெனி குடுத்த ஈ.எஸ்.ஐ. கார்டுல ஏறிடும், மிஷின்லேர்ந்து எடுத்துடுவாங்கன்னு பயம். உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னு என் தலைல அடிச்சு சத்தியம் கேட்டுச்சு. நீ தாங்க மாட்டியாம்.

— எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே... எட்டு மாசமா பக்கத்துலயே இருந்தேனே...

— மாத்திரை போட்டுமா நிக்கல? டோஸ் அவங்களுக்குன்னு பாத்து எழுதணும்டி. இது உனக்கு எழுதினது.

— கம்மியாச்சு மிஸ், நிக்கல. பக்கத்து மிஷின் எழிலரசி அக்காதான் யாருக்கும் தெரியாம அம்மாவத் தாங்கிக்கினு இருந்தாங்க. அவங்க அடுத்த மாசம் வேலைய வுட்டு நின்னுடறாங்க. வேற யாராவது வந்து உக்காந்துட்டா, அம்மா விழுறப்ப புடிக்க யாரும் இல்லப்பா. அதான் அந்த மிஷின் எனக்கு வேணும்னு கேட்டேன்.