மூன்று வரி மனப்பாடம்

— திருப்பிச் சொல்றேன், ஒயுங்கா கீதான்னு பாரு வனமாமலை தம்பி. ஐ செக் த சென்சார் எவ்ரி டே. ஐ ஆம் ரன்னிங் த மெஷின் சேஃப்லி. ஐ வில் டேக் ஃபுல் ரெஸ்பான்சிபிலிட்டி.

— சரியாத்தான் சொல்லுதிய அம்சாக்கா. டீயக் குடிங்க, ஆறிப் போவுது.

— டீ கெடக்கட்டும். நேத்துலேர்ந்து சோறாக்கிக்கினே மனப்பாடம் பண்ணேன். பென்னலூர்லேர்ந்து வர்ற வரைக்கும் கம்பெனி பஸ்லகூட இதே ஜபம்தான். நாளைக்கு ஆடிட்டாம். வெளிநாட்டுக்காரன் வந்து மிஷினாண்ட நிப்பானாம், கேட்டா இத்தச் சொல்லணுமாம். அதுக்கு முன்னாடி இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடுன்னாரு சூப்பர்வைசர் கோபிநாத் சாரு. அர்த்தம் தெரியாம எப்டிப்பா போடறது?

— லைன் லீடர் ஆக்குதேன்னு சொன்னாரோ?

— ஆமா. எட்டு வர்சமா தகடு அழுத்தற அதே நாலாம் நம்பர் ப்ரெஸ் மிஷின்ல நின்னுக்கினே கீறேன். கால் ரெண்டும் மரத்துப் போச்சு. சரி, அர்த்தத்தச் சொல்லு.

— அர்த்தம் என்னத்துக்குக்கா? ஆடிட்டர் ஒங்ககிட்ட வரக்கூட மாட்டாரு.

— இன்னாப்பா மென்னு முயுங்கற? எப்பவும் கேக்காமயே பாடம் எடுப்ப.

— மொதல் வரி நிகழ்காலம். 'ஐ செக்'னா இப்ப ஒருக்கா பாக்கேன்னு அர்த்தம் இல்ல. தெனமும் பாக்கேன், அது எம் பழக்கம்னு அர்த்தம். சூரியன் கெழக்க உதிக்குன்னு சொல்லுதோம்லா, அது மாதிரி.

— தெனமுமா? அந்த சென்சாரு செத்து மூணு வாரம் ஆவுதே! கைய உள்ள வுட்டா மிஷின் தானா நிக்கணும். இப்ப நிக்க மாட்டுது. புரொடக்‌ஷன் கெடக்கூடாதுன்னு கோபிநாத் சாருதான் சென்சார் வொயர அறுத்துட்டு நேரா கனெக்‌ஷன் குடுத்தாரு.

— தெரியும்க்கா.

— ஆபீஸ்ல குந்திக்கினு கீற உனக்கு எப்டித் தெரியும்?

— பேசிக்கிட்டாவ. ரெண்டாவது வரியும் நிகழ்காலந்தான். 'ஐ ஆம் ரன்னிங்'னா இந்த நிமிசம் ஓட்டிக்கிட்டிருக்கேன். பத்திரமா ஓட்டிக்கிட்டிருக்கேன்னு ஒங்க வாயாலயே சொல்லுதிய.

— நல்ல பத்திரம். திங்கக்கிழம கிளவுஸ் நுனிய இஸ்துக்கினு போச்சு தம்பி. வெரலு தப்பிச்சதே பெருசு. வூட்ல சொல்லல, பொண்ணு ரஞ்சனி பயந்துடும். கோபிநாத் சாராண்ட சொன்னேன். மறுநாளே இந்தப் பேப்பரக் குடுத்தாரு.

— மறுநாளேவா?

— ஆமா. மூணாவதச் சொல்லு.

— அது 'வில்'. வருங்காலம்.

— வருங்காலத்துல இன்னா?

— அக்கா, கையெழுத்துப் போடாதிய.

— கேட்டதுக்கு பதில் சொல்லு.

— இனிமே எது நடந்தாலும் முழுப் பொறுப்பையும் நானே ஏத்துக்கிடுவேன்.

— எது நடந்தாலும்னா? கை போனாலுமா?

— அப்படித்தான் அர்த்தம்.

— அடப்பாவி. இத்தயா நான் சாமி பாட்டு மாதிரி சொல்லிக்கினு இருந்தேன்? தம்பி, எனக்கு வேற ஒரு வரி சொல்லிக் குடு. சென்சார் வேல செய்யலன்னு. நாளைக்கு அந்த வெளிநாட்டுக்காரனாண்ட நானே சொல்றேன்.

— த சென்சார் இஸ் நாட் வொர்க்கிங்.

— த சென்சார் இஸ் நாட் வொர்க்கிங். இது எந்தக் காலம்?

— நிகழ்காலம்.

— சின்னதா, பளிச்சுன்னு கீது. மறக்க மாட்டேன். இந்தப் பேப்பர நீயே வெச்சுக்கோ, கையெழுத்து கெடயாது. பெல் அடிச்சுட்டான், லைனுக்குப் போறேன்.

— இன்னிக்கு மிஷினுக்குப் போவாதியக்கா. வயித்து வலின்னு சொல்லிட்டு பென்னலூர் பஸ்ஸப் புடிச்சிருங்க.

— அட போப்பா. நாளைக்கு ஆடிட்ட வெச்சுக்கினு எவன் லீவு குடுப்பான்? இன்னிக்கு ஒரு நாள்தானே. கைய வுடு. ஏன்பா இப்டிப் புடிச்சுக்கினு கீற?

— அந்த மூணு வரியையும் டைப் அடிச்சது நான்தான்க்கா. கோபிநாத் சார் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல அடிச்சேன்.

— நீயா? அத்த மறைச்சு வெச்சுக்கினா எனக்கு அர்த்தம் சொன்ன?

— அதோட விடலக்கா. இன்னொரு பேப்பரும் அடிக்கச் சொன்னாரு. அது இறந்தகாலத்துல இருக்கு. 'நாலாம் நம்பர் ப்ரெஸ்ஸில் அம்சவல்லி தன் கவனக்குறைவால் வலது கையை இழந்தார்'னு. தேதிக்கு மட்டும் எடம் விடச் சொன்னாரு.