ஆறு மணிக்கு மேல் அடிக்காத மணி

என் பெயர் பிரமோட் கெவ்கிளா. வயது முப்பத்து நான்கு. தகப்பனார் பெயர் தாவீ. நோந்தபுரியில் படகுத்துறைச் சந்தை பின்புறம் வாடகை அறையில் குடியிருந்து வருகிறேன். கட்டடங்களுக்கு இன்டர்காம், கதவுப் பூட்டு, காமிரா பொருத்துவது தொழில். பதினோரு வருடமாக இதே வேலைதான், வேறு எதுவும் தெரியாது. இன்று பௌத்த ஆண்டு 2567 நவம்பர் 12 செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். கையோடு ஐந்து ஆம்பியர் பவர் சப்ளை ஒன்றை அட்டைப்பெட்டியுடன் கொண்டுவந்து மேஜை மேல் வைத்திருக்கிறேன். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சுவன்மாலி அடுக்குமாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் அரூனி அம்மாள், வயது 71, இம்மாதம் 9ஆம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். 6ஆம் தேதி மாலை அவர் பக்கவாதம் வந்து விழுந்தபோது இன்டர்காமில் கூப்பிட்டும், வாசல் காவலாளி சம்ரான் போன்லா, வயது 63, தூங்கிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை என்று டீச்சரின் மகள் புகார் கொடுத்திருக்கிறார். அது சம்பந்தமாகவே இந்த வாக்குமூலம்.

கடந்த ஏப்ரல் 11ஆம் தேதி அந்தக் கட்டடத்தின் பழைய இன்டர்காமை மாற்றிப் புதியது பொருத்தினேன். ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஒரு பேசி, வாசல் காவல் கூண்டில் ஒரு பெரிய பேசி. வாசல் கதவுப் பூட்டுகள் இரண்டு, காமிரா, இன்டர்காம் எல்லாவற்றுக்கும் மின்சாரம் ஒரே பவர் சப்ளையிலிருந்துதான். மணி அடிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டரை ஆம்பியர் வரும். எங்கள் தொழிலில் வந்த கணக்கோடு பாதியையாவது கூட்டி வைத்துத்தான் பவர் சப்ளை தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்படி ஐந்து ஆம்பியர் கொண்டுபோனேன். அது சுவரில் இருந்த பழைய இரும்புப் பெட்டிக்குள் நுழையவில்லை. சுவரை வெட்டிப் பெரிய பெட்டி வைக்க இன்னும் ஒரு நாள் ஆகும். புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போக அன்று மாலை ஐந்து மணி பஸ்ஸில் எனக்கு இடம் இருந்தது. வண்டியில் மூன்று ஆம்பியர் ஒன்று கிடந்தது, அளவாக உள்ளே போய் உட்கார்ந்தது. அதையே வைத்து மூடிவிட்டு பஸ் ஏறினேன். வேலை முடித்த தாளில் ஐந்து என்று முன்பே எழுதியிருந்ததைத் திருத்தவில்லை. மேஜை மேல் இருப்பது அன்று நுழையாத அந்தப் பவர் சப்ளை. ஏழு மாதமாக என் வண்டியிலேயே இருந்தது.

அதன் பிறகு ஆகஸ்ட் மாதம் மழையில், வாசலில் நிலத்துச் சாமிக்குத் தூண் மேல் வைத்திருக்கும் சின்னக் கோயில் மாதிரியான சாமி வீட்டின் விளக்கு வயரை எலி கடித்துவிட்டது. நிலத்துச் சாமிக்கு விளக்கு இல்லாமல் இருந்தால் கட்டடத்தில் யாருக்கும் நல்லதில்லை என்று சம்ரான் மனசு கேட்காமல் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் சுரின் மாகாணத்துக்காரர், காலையில் வேலைக்கு வந்ததும் சாமிக்குச் சிவப்புச் சோடா உடைத்து வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

"தம்பி, ஒரு சின்ன வயரு. உனக்கு அஞ்சு நிமிஷ வேலை. சாமி உன்னை மறக்காது, நானும் மறக்க மாட்டேன்" என்றார்.

"சாமி மறந்தா பரவாயில்லண்ணே, சுட்ட கோழியை மறந்துடாதீங்க" என்றேன்.

மழையில் நனைகிற இடம், பெரிய மின்சாரம் ஆபத்து என்று பன்னிரண்டு வோல்ட் விளக்குச் சரமும், சின்ன நீரூற்று மோட்டாரும் போட்டேன். அதற்கான மின்சாரத்தை இன்டர்காம் பவர் சப்ளையிலிருந்தே எடுத்தேன். அது பக்கத்தில் இருந்தது, அதுதான் காரணம். தினமும் மாலை ஆறு மணிக்குத் தானாக எரிந்து காலை ஆறுக்கு அணையும்படி வைத்தேன். விளக்கும் மோட்டாரும் ஒன்றேகால் ஆம்பியர் இழுக்கும். கூட்டிப் பார்த்தால் மூன்றைத் தாண்டுகிறது. நான் கூட்டிப் பார்க்கவில்லை. நான் கேட்டபடியே சம்ரான் சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறும் வாங்கிக் கொடுத்தார், கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதன் பிறகு அக்டோபர் 17ஆம் தேதி, பிக்குகளின் மழைக்கால விரதம் முடிகிற நாள், மாலை ஆறரை மணிக்குப் பக்கவாட்டுக் கதவுப் பூட்டைப் பார்க்கப் போயிருந்தேன். அப்போது அரூனி டீச்சர் கீழே இறங்கி வந்து கூண்டின் முன்னால் நின்று சம்ரானைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் ஆனா காதுல பஞ்சு வெச்சுக்கறியா? நாலு நாளா கூப்பிடறேன், எடுக்கறதே இல்ல."

"மணியே அடிக்கலீங்க டீச்சர். உங்களுக்குத்தான் என் மேல கோபம், பேசறதே இல்லன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்."

டீச்சர் தனியாக இருந்தவர். பூனை கத்துகிறது, மோட்டார் சைக்கிள் வழியில் நிற்கிறது என்று ஏதாவது சாக்கு வைத்து மாலையில் சம்ரானைக் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் சண்டை போடுவார். அது இரண்டு பேருக்கும் பிடித்த சண்டை. டீச்சர் என் பக்கம் திரும்பி, "நீதானே மாட்டினவன்? கணக்குப் பாத்துப் போட்டியா, குத்துமதிப்பா போட்டியா?" என்று கேட்டார். கணக்குப் பார்த்துத்தான் என்றேன்.

நான் கூண்டுப் பேசியில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதரைகூட இல்லை. திரும்பிப் பார்த்தேன், சாமி வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் புரிந்துவிட்டது. இரண்டு மாதமாக அளவுக்கு மேல் இழுத்ததில் பவர் சப்ளை தளர்ந்துபோயிருந்தது. விளக்கு எரியும் நேரத்தில், பெட்டியிலிருந்து அறுபது மீட்டர் வயர் சுற்றி வரும் கூண்டுக்கு, மணி அடிக்கிற அளவு மின்சாரம் போய்ச் சேரவில்லை. பூட்டுகளும் காமிராவும் வேலை செய்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு வயரை நறுக்கினால் போதும். கட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு சாமி வீட்டுக்குப் பக்கத்தில் போனேன். பெரிய நாள் என்பதால் ஊதுவத்தி நிறைய ஏற்றியிருந்தார்கள், வாழையிலைத் தட்டில் பழம் இருந்தது. எனக்குக் கை வரவில்லை. அந்த நாளில் சாமி விளக்கை அணைத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. பயந்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கும்பிட்டுவிட்டுக் கட்டரைப் பையில் போட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தேன். ஐந்து ஆம்பியர் வண்டியில்தான் இருந்தது, சுவர் வெட்டும் சாமானும் இருந்தது. ஆனால் வேறு இடத்தில் வேலை காத்திருந்தது. விளக்கு அணைந்திருந்ததால் மணி கணீரென்று அடித்தது. ஒரு ஸ்குரூவை முறுக்கிவிட்டு, "சரியாயிடுச்சுண்ணே" என்றேன். சம்ரான் கையெடுத்துக் கும்பிட்டார். டீச்சர் அன்று காலைதான் சியாங்மாயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று திங்கட்கிழமை போயிற்று.

டீச்சர் நவம்பர் 4ஆம் தேதி திரும்பி வந்தார். 6ஆம் தேதி மாலை ஆறு நாற்பதுக்கு எதிர்வீட்டுப் பெண் வேலை முடிந்து வரும்போது, கதவுக்கு உள்ளே டீச்சர் "சம்ரான்... சம்ரான்..." என்று சொல்வது கேட்டிருக்கிறது. வழக்கம்போல் இன்டர்காமில் பேசுகிறார் என்று நினைத்து அந்தப் பெண் தன் வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் கதவைத் திறந்தார்கள். பேசி சுவரிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது, டீச்சர் அதன் கீழே கிடந்தார். உயிர் இருந்தது, பேச்சு இல்லை.

அதன் பிறகு 7ஆம் தேதி பதினோரு மணிக்குக் கட்டட மேலாளர் விலாய்வன் அம்மாள் என்னை வரவழைத்து இன்டர்காமைச் சோதித்துத் தரச் சொன்னார். நான் ஏழாவது மாடிக்குப் போய் டீச்சர் வீட்டுப் பேசியை எடுத்து அழுத்தினேன். சம்ரான் கீழே உடனே எடுத்தார்.

"கேக்குது தம்பி... நல்லாக் கேக்குதே" என்று சொல்லிவிட்டு அழுதார்.

நான் தாளில் 'இயங்குகிறது, குறை ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பகல் பதினோரு மணிக்கு அது இயங்கும் என்பது எனக்குத் தெரியும். ஆறு மணிக்கு மேல் இயங்காது என்பதும் தெரியும். கீழே வந்தபோது சாமி வீட்டில் ஒரு மல்லிகை மாலை கிடந்தது. சம்ரானின் மனைவி சந்தையில் பூ விற்பவர். மீந்த மொட்டுகளை வேலை முடிகிற நேரத்தில் சம்ரான் ஊசியில் கோத்துச் சாமிக்குப் போட்டுவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்குப் போவார். முந்தின நாள் சாயங்காலம் கோத்த மொட்டுகள் எல்லாம் மலர்ந்திருந்தன. அந்த நேரத்துக் காமிராப் படத்தில் அவருடைய முழங்கால் மட்டும்தான் தெரிகிறது, அது இருபது நிமிடம் அசையவில்லை, அதனால் தூங்கினார் என்கிறார்கள். பூக் கோக்கிறவன் முழங்காலை ஆட்டமாட்டான். அந்த மாலையை நான் பார்த்தேன், எனக்கு விளங்கியது, வாயைத் திறக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதற்குச் சொல்கிறேன். வேலை போகும், வழக்கு வரும் என்ற பயம். எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் வேறு. அவர் ஆசைப்பட்டுக் கேட்ட விளக்குதான் அவருடைய மணியை அமுக்கியது என்று தெரிந்தால் மனுஷன் உடைந்துபோவார், தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு நல்லது செய்கிற மாதிரி என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

நேற்று 11ஆம் தேதி மதியம் சம்ரானை அவர் அறையில் போய்ப் பார்த்தேன். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் மனைவி சந்தைக்குப் போகவில்லை, கூடையில் பூ அப்படியே இருந்தது. எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு முதலில் கேட்டது, "புதுசா வந்தவன் சாமிக்குச் சோடா வெக்கறானா?" என்பதுதான். அதன் பிறகு சொன்னார்:

"யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன் தம்பி. மெஷின் நல்லா இருக்குன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. நீ பொய் எழுதற ஆளில்ல. அப்போ நான்தான் தூங்கியிருக்கணும்."

"அண்ணே, நீங்க பூக் கோத்துட்டிருந்தீங்க" என்றேன்.

"கோத்துட்டே தூங்கியிருப்பேன். வயசாச்சுல்ல. பன்னெண்டு மணி நேரம் உக்காந்தா எவனுக்குத்தான் கண்ணு சொக்காது? நாளைக்கு ஒரு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. தூங்கிட்டேன்னு ஒத்துக்கப் போறேன். டீச்சர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க, நான் தூங்கியிருக்கேன். அதை மறைச்சா நல்லாருக்குமா?"

நான் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் கீழே வைத்தேன். அப்போதும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அங்கிருந்து நேராகக் கட்டடத்துக்குப் போனேன். ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. எதிர்வீட்டுப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் வீட்டுப் பேசியை எடுத்து அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, நான் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். புதிய காவலாளி முழித்துக்கொண்டு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேசி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மேலே அந்தப் பெண் பத்து நிமிடம் அழுத்தினார். இங்கே ஒரு சத்தமும் இல்லை. நான் வயரையும் பவர் சப்ளையையும் தொடவில்லை, போலீஸ் பார்க்க வேண்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். அதுவரை யாரும் இன்டர்காமை நம்ப வேண்டாம் என்று லிப்டில் காவலாளியின் போன் நம்பரை எழுதி ஒட்டினேன். சோதிக்க வருகிறவர்கள் தயவுசெய்து ஆறு மணிக்கு மேல் வர வேண்டும். பகலில் வந்தால் அது நன்றாகத்தான் அடிக்கும், என்னைப் போலவே எழுதிவிட்டுப் போவீர்கள்.

இதுவரை சொன்னதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் முன் இன்னும் சில வரிகள் சேர்க்கக் கேட்டுக்கொண்டேன், எழுத்தர் சம்மதித்தார்.

சம்ரான் தூங்கவில்லை. ஒரு மணிக்கு அவர் வரும்போது, அவர் வாய் திறப்பதற்கு முன்னால் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். விளக்கைப் பற்றியும் வாசிக்கவா என்று ஐயா கேட்டார். அதையும் வாசியுங்கள். அவர் சாமிக்கு விளக்குதான் கேட்டார். அதற்கு மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுத்தவன் நான். வாசித்து முடிக்கும்வரை நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னைப் பார்க்க வேண்டும் என்றால் பார்க்கட்டும்.

(ஒப்பம்) பிரமோட் கெவ்கிளா
12.11.2567, காலை 11.20