வெள்ளிக்கிழமை பிளாஸ்க்

இடது தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. பீடி சுற்றுகிற பொம்பளைக்குக் கழுத்தும் இடுப்பும்தான் வலிக்கும். அது பழகிய வலி, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இந்தத் தோள் வலி வேறு. ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவர் தலையைச் சாய்த்துக்கொள்கிற இடம் இது. தைலம் தேய்த்துப் பார்த்தேன். ஆள் போய்விட்டார், பாரம் இறங்கவில்லை.

உட்காருங்கள் மேடம். நாற்காலி ஆடும், பாயிலேயே உட்காருங்கள். பத்தமடையில் வாங்கிய பாய்தான். என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிடாமல் வீட்டுக்கே வந்தீர்கள், அதற்கு நன்றி. நான் இத்தாவில் இருக்கிறேன். புருஷன் மவுத்தானால் எங்களில் பொம்பளைகள் நாலு மாசம் பத்து நாள் முடியும்வரை வாசல் தாண்ட மாட்டோம். வெள்ளிக்கிழமை ஆனால் ஊர் ஊராகச் சுற்றியவள் இப்போது இந்த அறையையே சுற்றி வருகிறேன்.

வெளியே நிற்கிற என் நாத்தனார் நஸீமா, கபுரைத் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று சொன்னாள். அது மட்டும் வேண்டாம். மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கிற மனுஷனை எடுத்து அறுக்க வேண்டாம். என்ன நடந்தது என்று நானே சொல்கிறேன்.

"அதுக்கு நான் வாக்கு கொடுக்க முடியாதும்மா" என்கிறீர்கள். சரி. இருந்தாலும் சொல்கிறேன்.

என் பெயர் ஜமீலா பீவி. மேலப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். பாவாடை கட்டுகிற வயசிலேயே மடியில் பீடிச் சுளகை வைத்துவிட்டார்கள். இலையை வெட்டு, தூளை வை, சுருட்டு, நூலைக் கட்டு. புகையிலையை நாங்கள் தூள் என்றுதான் சொல்வோம். அந்தக் கையாலேயே சோறு பிசைவோம், பிள்ளை அழுதால் அந்தக் கையாலேயே முகத்தைத் துடைப்போம். டீயில் தூள் விழுந்தால் விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்போம். எங்கள் உம்மா அப்படித்தான் குடித்தாள், நான் அப்படித்தான் குடிக்கிறேன். அதற்காக யாரும் படுக்கையில் விழுந்ததில்லை.

என் மாப்பிள்ளை ரசீத், சவூதியில் ஒரு பெரிய வீட்டுக்கு டிரைவராக இருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும், அந்த வீட்டு அம்மாவைக் கடைத்தெருவுக்கும் கொண்டுபோய் விடுவது வேலை. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வந்த லீவில் முதல் பாதி சொந்தக்காரர்களுக்குப் போகும். மறு பாதி பெட்டி கட்டுவதற்குப் போகும். நடுவில் எனக்கென்று எதுவும் மிஞ்சாது. பிள்ளையும் இல்லை. வீட்டில் பேச ஆள் கிடையாது. சுளகோடு பேச முடியுமா?

ஒரு தடவை அந்த வீட்டுக்காரர்கள் ஆள் வேண்டாம் என்று முடித்து அனுப்பிவிட்டார்கள். மனுஷன் முகம் தொங்கிப்போய் வந்து இறங்கினார். நான் உள்ளுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

அப்புறம் வந்த நாட்கள்தான் நான் வாழ்ந்த நாட்கள். எங்கள் பீடிக்கடைக்கு வெள்ளிக்கிழமை லீவு. காலையில் நான் துணி நனைக்க உட்காருவேன். வாசலில் பைக் ஹாரன் கேட்கும்.

"ஏளா ஜமீலா, பர்தாவைப் போடு."

"எங்க மச்சான்?"

"வண்டி கெளம்புன பொறவு சொல்லுதேன்."

"துணி நனஞ்சு கெடக்கு."

"அது எங்கயும் ஓடிராது. நீ வா."

அவருக்கே எங்கே போகிறோம் என்று தெரியாது. ஆற்றை ஒட்டியே போவோம். மேற்கே போனால் சேரன்மகாதேவி, முக்கூடல், பாபநாசம். ஒரு தடவை மணிமுத்தாறு அருவியில் ரெண்டு பேரும் உடுத்த துணியோடு நனைந்துவிட்டு, ஈரம் காய்கிறவரை பாறையில் உட்கார்ந்திருந்தோம். ஜும்ஆ நேரத்துக்கு எந்த ஊர்ப் பள்ளி வருகிறதோ அங்கே அவர் தொழப் போவார். நான் வண்டி பக்கத்தில் மர நிழலில் நிற்பேன். தொழுதுவிட்டுத் தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வருவார். அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும்தான் வரும். புரோட்டாக் கடையில் சால்னாவை எனக்கு ஊற்றிவிட்டுத்தான் தனக்கு ஊற்றுவார்.

இந்தப் பாய் வாங்கின அன்றைக்குக் கடைக்காரர் கேட்டார்: "ஒராளு படுக்கவா, ரெண்டாளு படுக்கவா அண்ணாச்சி?"

"ரெண்டாளுக்குத்தான் வே. ஆனா முக்காவாசியை இவ பிடிச்சுக்கிடுவா. எனக்கு ஓரத்துல ஒரு கோரையைக் கூட வச்சுப் பின்னியிருக்கலாம் நீரு."

கடைக்காரர் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி வேண்டுமென்றே ஓரத்தில் படுத்தேன்.

ஸ்ரீவைகுண்டம் அணையைப் பார்த்தபடி நிற்கும்போதுதான் சொன்னார். கூட்டாளி தாஜ் முகம்மது துபாயில் விசா பேசி முடித்துவிட்டாராம். இனி மெடிக்கல் டெஸ்ட் மட்டும்தான். சொல்லும்போது சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு.

"போகாம இருக்க முடியாதா?" என்றேன்.

"இருந்து என்னளா பண்ணச் சொல்லுத? ஒங்கூட உக்காந்து பீடி சுத்தவா?"

"சுத்துங்களேன். நான் படிச்சுத் தாரேன்."

"நான் சுத்துனா அது பீடியா இருக்காது, பொட்டலமா இருக்கும். ரெண்டு வருஷம் ளா. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்."

"போன தடவையும் இதத்தான் சொன்னிய."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். நிற்காமல் போகிறதற்கு ஆற்றை யாரும் குறை சொல்வதில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள், நான் சுளகுப் பக்கத்தில் வைத்திருந்த டீயைத் தன்னுடையது என்று நினைத்து எடுத்துக் குடித்துவிட்டார். நிறையத் தூள் விழுந்து ஊறிய டீ. கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு அடித்துக்கொண்டது, வாந்தி எடுத்தார். எனக்கு ஆச்சரியம். நாங்கள் தினமும் தின்கிற தூள் ஒரு ஆம்பளையை இந்தப் பாடு படுத்துமா? அவர் தலையை மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். "எங்கயும் போயிராத ளா" என்றார். நான் எங்கே போகப் போகிறேன்? அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

மெடிக்கலுக்குப் புறப்பட்ட அன்று காலையில் டீ போட்டுக் கொடுத்தேன். இஞ்சி தட்டிப் போட்டேன், ஏலக்காய் போட்டேன், சீனி கூடுதலாகப் போட்டேன். ருசி மாறுவது தெரியக் கூடாது அல்லவா? பிரஷர் ஏறிக் கிடக்கிறது, நெஞ்சு துடிப்பு சரியில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து வரச் சொன்னார்கள். அப்போதும் நான்தான் டீ போட்டேன். விசா கைவிட்டுப் போனது.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தினேன். ஆள் தேறினார். தேறினதும் ஃபோனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். திருப்பூரில் வேலை இருக்குதாம், கத்தாரில் ஆள் எடுக்குதாங்களாம். வெள்ளிக்கிழமை வந்தது, ஹாரன் அடிக்கவில்லை. நானாகப் போய், "எங்கயாவது போவோமா மச்சான்?" என்றேன். "சும்மா கெட ளா, பெட்ரோலுக்குப் பிடிச்ச கேடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

சுகமாக இருக்கும்போது அவர் ஊருக்கெல்லாம் ஆள். சுகமில்லாதபோது எனக்கு மட்டும். இதை நான் மெல்ல மெல்லத்தான் தெரிந்துகொண்டேன். தினமும் கொடுக்கவில்லை மேடம். அவர் எழுந்து ஓடப் பார்க்கிறபோது மட்டும் கொடுப்பேன். தொட்டிலில் பிள்ளை முழிக்கப் பார்த்தால் ரெண்டு ஆட்டு ஆட்டுவோமே, அதைப் போல.

பைக் ஓட்டத் தெம்பு இல்லாமல் போனதால் நான் ஸ்கூட்டி படித்தேன். பின்னால் அவர் உட்காருவார். தலை சுற்றி விழுந்துவிடுவார் என்று என் துப்பட்டியால் ரெண்டு பேர் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொள்வேன்.

"என்னளா, மூட்டை கட்டுத மாதிரி கட்டுத?"

"மூட்டை பேசாம வரும் மச்சான்."

சிரிப்பார். தலையைத் தோளில் சாய்த்துக்கொள்வார். பாதையில் போகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது எங்கே போகிறோம் என்று நான்தான் முடிவு செய்வேன். பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொள்வேன். பாதி நாள் அது நல்ல டீதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்: "நெஞ்சு ரொம்ப பலகீனமா இருக்கும்மா. காரணம் பிடிபட மாட்டேங்குது. இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்காது." சரிங்க டாக்டர் என்றேன். வெளியே வந்ததும் மச்சான், "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "நல்லாச் சாப்பிடச் சொன்னாரு" என்றேன். அன்றைக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார்.

டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். அப்புறம் கொஞ்ச காலம் ஒன்றும் கொடுக்கவில்லை.

அவர் நடக்க ஆரம்பித்தார். ஒரு வியாழக்கிழமை சொன்னார்: "சனிக்கிழமை சென்னைக்குப் போறேன் ளா. இன்டர்வியூ இருக்கு. கெடச்சா ஒடனே பிளைட்டு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நாளைக்கு எங்கயாவது போவோம். நீ கேட்டுக்கிட்டே இருந்தியே" என்றார்.

"எங்க?"

"புன்னக்காயல். ஆத்த ஒட்டியே இத்தன நாளு சுத்துதோம், அது கடலுல சேருத எடத்தப் பாத்ததில்லையே."

"கூட்டிட்டுப் போறேன்" என்றேன். வாக்குக் கொடுத்தேன்.

காலையில் பிளாஸ்க்கில் டீ ஊற்றினேன். சனிக்கிழமை அவர் ரயில் ஏறக் கூடாது. அது ஒன்றுதான் என் மனசில் இருந்தது. கை எவ்வளவு போட்டது என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று இருந்திருப்பேன் போல.

கருங்குளம் தாண்டி ஒரு வாழைத் தோட்டத்து ஓரத்தில் குடித்தார். "இஞ்சி கூடிப்போச்சு ளா" என்றார். அதன் பிறகு அதிகம் பேசவில்லை. துப்பட்டியைக் கட்டினேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டியபோது வேர்வை என் முதுகில் இறங்கியது. ஏரல் பக்கம் வரும்போது, "ஜமீலா, நெஞ்சு ஒரு மாதிரி வருது" என்றார். வலது பக்கம் ஆஸ்பத்திரி போர்டு இருந்தது. எனக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். நான் வண்டியைத் திருப்பவில்லை. உள்ளே போனால் என்ன குடித்தார் என்று கேட்பார்கள். கேட்டால் அவருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தபிறகு அவர் என்னோடு இருக்க மாட்டார்.

"இந்தா வந்துரும் மச்சான். தோளுல சாஞ்சுக்கிடுங்க" என்றேன். சாய்ந்துகொண்டார்.

ஆத்தூரில் வெற்றிலைக்கொடி வாடை வந்தது. பாரம் கூடிக்கொண்டே வந்தது. தூங்குகிறார் என்று சொல்லிக்கொண்டேன். காற்றில் உப்பு வாடை வர ஆரம்பித்த இடத்தில் அவர் கை என் இடுப்பிலிருந்து நழுவி வண்டிக்கு வெளியே தொங்கியது. அங்கே சோடாக்கடை வைத்திருக்கிற பூதத்தான் என்கிறவர் ஓடிவந்து துப்பட்டியை அவிழ்த்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. "என்ன தாயி, ஆளு சில்லுன்னு இருக்காரே, பின்னாலயே திரும்பிப் பாக்கலயா நீ?" என்றார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் வந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அன்றைக்கே அடக்கம் செய்தோம். நெஞ்சு நோய்க்காரர்தானே என்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நஸீமாதான், வந்தவர்களுக்கு டீ ஊற்ற பிளாஸ்க்கைத் திறந்தவள், மூக்கைச் சுளித்தாள்.

"மைனி, இதுல தூள் வாடல்லா அடிக்கு?"

நான் வாங்கி மோந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. என் கையும் துணியும் தலையணையும் அதே வாடைதான். அதனால் நான் அதைக் கழுவக்கூட இல்லை. அவள் கல்யாணம் ஆனதும் பீடியை விட்டுவிட்டுத் தென்காசிப் பக்கம் போனவள். அவள் மூக்கு தேறிவிட்டது. பிளாஸ்க்கை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதைத்தான் உங்களிடம் கொடுத்திருக்கிறாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். கூடப்பிறந்தவன் இல்லையா.

அவ்வளவுதான் மேடம். கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். உங்களுக்கும் நஸீமாவுக்கும் இது வேறு மாதிரித் தெரியும். நான் அவரை ஒரு நாளும் பட்டினி போட்டதில்லை, எதிர்த்துப் பேசியதில்லை, தனியாக விட்டதில்லை. கடைசி மூச்சுவரை என் தோளில்தான் இருந்தார். எத்தனை பொம்பளைக்கு அது கிடைக்கும்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அவருக்கு நான் வைத்த குறை ஒன்றே ஒன்றுதான். புன்னக்காயலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு, கடலைக் காட்டாமலே திரும்பிவிட்டேன். அது மட்டும்தான் அவருக்கு என் பாக்கி.