மே மார்னிங் ஏன் வண்டி ஏற மறுக்கிறாள்?

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, பந்தய முடிவுகளை ஒன்றரை மணி நேரம் ஆராய்ச்சி செய்யும் எங்கள் அவைத்தலைவர், பங்குத்தந்தை கானீலி அவர்களே! என் வலப்பக்கம் அமர்ந்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட பயிற்சியாளர் நூலா கெரட்டி அவர்களே! குளம்புச் சத்தத்தைக் கேட்டே குதிரையின் பாட்டன் பெயரைச் சொல்லும் பெரியோர்களே! அரை மாவட்டத்துக்குப் போதுமான சாண்ட்விச்சுகளை அடுக்கிவைத்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி காலியாகக் கிடந்தும் சுவரில் சாய்ந்தே நிற்பேன் என்று சபதம் எடுத்திருக்கும் டிராக்டர் ஓட்டும் சிங்கங்களே! நாக்பரான் தடைதாண்டல் பந்தய ஆர்வலர் கழகத்தின் துணைச்செயலாளர், உங்கள் ஃபிண்டன் கிளியரியின் மழையில் நனைந்த, ஆனால் சூடு ஆறாத வணக்கம்!

கோடை போய்விட்டது. நல்லது. யார் அழுதார்கள்? தட்டைத் தரையில், தடை ஒன்றும் இல்லாமல், குளித்து முழுகிய குதிரைகள் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு ஒன்றரை நிமிடம் ஓடிவிட்டு வீட்டுக்குப் போவது ஒரு பந்தயமா? அது நடைப்பயிற்சி! பந்தயம் என்றால் சேறு வேண்டும். சேறு என்றால் காதுவரை வேண்டும். மூன்று மைல் வேண்டும், பதினேழு வேலி வேண்டும், பதினெட்டாவதாக ஒரு வேலி இருப்பதாகத் தோன்ற வேண்டும்! அந்தக் காலம் வருகிறது. இன்னும் ஒன்பது நாளில், நவம்பர் முதல் சனிக்கிழமை, கில்தோரன் திடலில் தொடக்கக் கொடி விழுகிறது.

என்ன மலக்கி? சத்தமாகச் சொல்.

“மாமா, மழை, சேறு எல்லாம் எங்க வயல்லயே இருக்கு. குதிரைக்கு வாங்க!”

வருகிறேன். மலக்கி டூஹி அவசரப்படுகிறார். தம் திருமணத்துக்கு நாற்பது நிமிடம் தாமதமாக வந்தவர் அவசரப்படுகிறார் என்றால், நானும் கொஞ்சம் ஓடத்தான் வேண்டும்.

கில்தோரனில் நம்மை எதிர்த்து ஓடவிருப்பவர்கள் யார்? முதலில், பிளாக் பிஷப். நூறு குதிரை கட்டிய பெரிய லாயத்திலிருந்து வருகிறான். அவன் உயரம் உங்களுக்குத் தெரியும். அவன் முதுகில் உட்கார்ந்த காகத்துக்குக் கீழே மழை பெய்வது தெரியாது. போன மார்ச்சில் ஒரு வேலியைத் தாண்டும்போது மேலே போனவன் கீழே வருவதற்குள் இரண்டு பேர் தேநீர் குடித்து முடித்தார்கள். ஆனால் சேற்றில் அவனுக்கு மூச்சு வாங்கும். இது நான் சொல்வதல்ல, மூன்று வருடமாக அவன் ஓட்டத்தை எழுதிவைத்திருக்கும் நம் பங்குத்தந்தை சொல்வது.

இரண்டாவது, கவுண்ட் ஓவர்கோட். கார்க் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவரின் குதிரை. அழகன். தன் அழகு தனக்கே தெரிந்த அழகன். முன்னால் ஓடும்வரை மன்னன். பக்கத்தில் இன்னொரு குதிரையின் மூச்சு கேட்டதும், அது என்ன என்று திரும்பிப் பார்ப்பான். திரும்பிப் பார்த்தவன் ஜெயித்ததாகச் சரித்திரம் உண்டா?

மூன்றாவது, டிங்கிள் டவர். புதிய வரவு. இதுவரை ஓடிய இரண்டு பந்தயத்திலும் வென்றிருக்கிறான். அவனைப் பற்றிக் கேலி பேச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் பயப்படுகிறேன்.

நான்காவது யார்?

அப்படித்தான், கையைத் தட்டுங்கள்! நான்காவது, இந்த மண்டபத்தில் இருக்கும் முப்பத்தொரு பேருக்கும் சொந்தமான, ஆளுக்கு ஒரு குளம்புகூடச் சரியாகப் பங்கு வராத, நம் மே மார்னிங்! செம்பழுப்பு நிறத்தாள். ஒன்பது வயதாள். மெதுவாகத் தொடங்குவாள், மெதுவாகவே தொடர்வாள், மற்றவர்கள் எல்லாம் களைத்துப்போன பிறகும் அதே மெதுவான வேகத்தில் வந்து முந்திப் போவாள்! சேறு அவளுக்குக் கம்பளம். மழை அவளுக்கு மேளதாளம். கில்தோரன் வேலிகளைத் தாண்டும் வல்லமை அவளுக்கு உண்டா? உண்டு. மூன்று மைல் ஓட மூச்சு உண்டா? உண்டு. கில்தோரனுக்குப் போய்ச் சேரும் வழி உண்டா?

இல்லை.

எல்லோருக்கும் தெரிந்ததுதானே! குதிரைகளை ஏற்றிச்செல்லும் வண்டியில் அவள் ஏற மாட்டேன் என்கிறாள். மூன்று வாரத்துக்கு முன் பயிற்சி ஓட்டத்துக்குக் கூட்டிப்போக லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினோம். சாய்பலகையை இறக்கினோம். ஆறு பேர், இரண்டு மணி நேரம். முன்னால் நின்று நூலா கொஞ்சினார்.

“வாடி கண்ணு. ஒரு காலு வை. ஒன்னே ஒன்னு. என் ராஜாத்தி இல்ல?”

பின்னால் மலக்கி தோள் கொடுத்துத் தள்ளினார்.

“நூலா அக்கா, நீங்க ராஜாத்தின்னு கூப்பிடக் கூப்பிட இவளுக்கு ஏத்தம் கூடுது. ரெண்டு திட்டு திட்டுங்க!”

“என் குதிரைய நான் திட்ட மாட்டேன். உன்னை வேணும்னா திட்டுறேன், கையை எடு!”

“எடுத்தா அவ என் மேல உக்காந்துருவா!”

உட்கார்ந்தாள். மலக்கி நான்கு நாள் கட்டிலில் கிடந்தார். ஆக, இரண்டு மணி நேரம் கழித்து வண்டிக்குள் ஏறியது ஒரே ஒரு ஜீவன். அது நான். மழைக்கு ஒதுங்கினேன்.

நூலா அவர்கள் அன்றே சொல்லிவிட்டார்: இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் வண்டி ஏறவில்லையென்றால் கில்தோரனுக்குப் பெயர் கொடுக்கப்போவதில்லை, கில்தோரன் இல்லையென்றால் இந்தப் பருவமே இல்லை, அடுத்த பருவத்தில் அவளுக்குப் பத்து வயது, ஆகவே அடுத்த பருவமும் இல்லை. கசாப்புக் கத்தி மாதிரி நேரான பேச்சு. நான் ஒரு மணி நேரம் பேசுவதை அவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

அவள் ஏன் ஏற மறுக்கிறாள்? வண்டி மாறிவிட்டதா? இல்லை. பலகை மாறிவிட்டதா? இல்லை. பாதை மாறிவிட்டதா? இல்லை. கயிற்றைப் பிடிக்கும் கை மாறிவிட்டது!

ஐந்து வருடம் அவளைத் தேய்த்து, கழுவி, சேணம் பூட்டி, வண்டியேற்றி, திடலில் நடத்திக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்தவள் டிம்ப்னா பர்டில். டிம்ப்னா கயிற்றை இழுத்து யாரும் பார்த்ததில்லை. தான் பாட்டுக்கு வண்டிக்குள் நடப்பாள், ஏதோ கடைக்குப் போகிறவள் போல. மே மார்னிங் பின்னாலேயே போவாள். அந்த டிம்ப்னா எட்டு மாதமாக லாயத்தில் இல்லை. பால்பண்ணைக் கடையில் வெண்ணெய் நிறுத்துக் கொடுக்கிறாள். இன்றும் அவள் கழகக் கூட்டத்துக்கு வரவில்லை. அம்மாவுக்கு உதவியாகத் தேநீர் ஊற்ற வந்திருக்கிறாள். அதோ, கெண்டியோடு நிற்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். சரி.

ஏன் போனாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று நினைக்கிறீர்கள். போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மே மார்னிங் ஏழு குதிரை நீளத்தில் வென்றாள். கோப்பை வந்தது, மதுக்கடைக் கண்ணாடி அலமாரியில் ஏறியது. ஆறு வாரம் அதற்கு ஊரே காவல் இருந்தது. பிறகு பந்தய விசாரணைக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. வென்ற குதிரையிடம் எடுத்த சோதனையில் சாக்லேட்டின் சுவடு. சாக்லேட்டில் இருக்கும் ஏதோ ஒன்று குதிரையின் நாடியை முடுக்கிவிடுமாம். அது தடைசெய்த பொருள். கோப்பை அலமாரியை விட்டு இறங்கியது. சாக்லேட் எங்கிருந்து வந்தது என்று விசாரணைக் குழு கேட்டது. குளிர்காலம் முழுக்க டிம்ப்னா லாயத்துக்குள் குடிக்கக் கொண்டுவரும் சூடான கொக்கோ பானக் குடுவையைத் தவிர யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அது கொட்டியிருக்கலாம், குதிரை நக்கியிருக்கலாம் என்று எழுதிப் போட்டார்கள். டிம்ப்னா ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

“கொட்டல.”

அதை ஒருவரும் எழுதவில்லை. மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை.

அப்போது இந்தக் கழகம் கொதித்தது! கண்டனக் கூட்டம் போட்டது! அந்தக் கூட்டத்தில் “அலட்சியம் என்னும் அரக்கன்” என்ற தலைப்பில் நாற்பத்தைந்து நிமிடம் பேசி, மூன்று முறை மேசையைக் குத்தி, தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்த வீரர் யார்?

ஆமாம். அடியேன்தான்.

இப்போது கிறிஸ்துமஸ் பகலுக்கு வாருங்கள். நம் வழக்கம் என்ன? விருந்து முடிந்ததும் முப்பத்தொரு பேரும் வரிசையாக லாயத்துக்குப் போவோம், ஆளுக்கொரு கேரட் கொடுப்போம். கேரட் மட்டும், வேறெதுவும் கூடாது என்பது நூலா கதவில் எழுதிவைத்த சட்டம். நானும் வரிசையில் நின்றேன். வான்கோழியும் மூன்று கிளாஸ் ஷெர்ரி ஒயினும் என் வயிற்றுக்குள் இருந்தன. எனக்கு முன்னால் மலக்கி நின்றார், தம் தோட்டத்துக் கேரட்டோடு. கேரட்டா அது? தோளில் சாத்தி வைத்திருந்தார்! என் முறை வர இரண்டு பேர் இருக்கும்போது கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். கேரட் இல்லை. என் தங்கை கான்செப்டாவின் சமையலறை மேசையில், கழுவித் துடைத்து வைத்த இடத்திலேயே இருந்தது.

அன்பர்களே, வரிசையில் வெறுங்கையோடு நிற்பவனுடைய மானம் எப்படித் துடிக்கும் தெரியுமா? முப்பது வருடத்தில் கேரட் இல்லாமல் அந்தக் கதவருகே ஒருவனும் போனதில்லை. ஏழை போயிருக்கிறான், கேரட்டோடு. குடித்தவன் போயிருக்கிறான், கேரட்டோடு. காதலியைத் தொலைத்தவன்கூட அழுதுகொண்டே, கேரட்டோடு! பையின் அடியில் துழாவினேன். மெழுகுத்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. வழியில் சாப்பிடு அண்ணா என்று கான்செப்டா வைத்துவிட்ட சாக்லேட் கேக். உள்ளங்கையில் மறைத்து நீட்டினேன். மே மார்னிங் என்னைப் பார்த்தாள். கேக்கைப் பார்த்தாள். ஐந்து வருட லாய வாழ்க்கையில் கிடைத்த முதல் நல்ல கேரட் இதுதான் என்பது போல விழுங்கினாள்.

எல்லோரும் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துவிட்டு என்னையே பார்க்கிறீர்கள். இந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்.

ஒரு துண்டு கேக் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். கடிதம் வந்த அன்று, சாக்லேட் என்ற சொல்லைப் படித்ததும், என் கை தானாகவே கோட்டுப் பைக்குள் போனது. அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அரக்கனைப் பற்றிப் பேசினேன். குடுவை என்று மற்றவர்கள் எழுதியபோதும் தெரியும். இதற்கு என்னிடம் அலங்காரமான சொல் எதுவும் இல்லை. பயந்துவிட்டேன். அவ்வளவுதான்.

இதோ, விசாரணைக் குழுவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன். அவைத்தலைவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். கோப்பை திரும்பி வராது, வரவும் கூடாது. ஆனால் குழுவின் தாளில் டிம்ப்னா என்று இருக்கும் பெயர் மாறவேண்டும்.

என்ன சொல்கிறாய், டிம்ப்னா? பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், நானே திருப்பிச் சொல்கிறேன். எவ்வளவு கேக் என்று கேட்கிறாள்.

ஒரு தீப்பெட்டி அளவு, டிம்ப்னா.

“ஃபிண்டன் மாமா.”

சரி. இரண்டு தீப்பெட்டி.

“வாரம் ரெண்டு தடவ கடைக்கு வந்தீங்க. உப்பு போட்ட வெண்ணெயா, போடாததான்னு நான் கேக்குறதுக்கு முன்னாடியே வானிலை பேசுவீங்க. ஒரு தடவ இதைச் சொல்லியிருக்கலாமே.”

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன், இந்த ஊர் முழுக்கக் கேட்கும்படி.

இருங்கள், இருங்கள். நூலா அவர்கள் எழுந்து நிற்கிறார். ஒலிவாங்கியை வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா. வேண்டாமாம்.

“டிம்ப்னா, குடுவைன்னு எழுதிக் கொடுத்தது நான். நீ கொட்டலன்னு சொன்ன, நான் கேக்கல. தப்பு என்னோடது. ஞாயித்துக்கிழமை காலைல வண்டிய எடுக்கிறேன். ஆறரைக்கு வர்றியா?”

கெண்டியைக் கீழே வைக்கிறாள். கையைத் துடைக்கிறாள். அவசரமே இல்லை. அந்தக் குதிரை யாரிடம் நடை கற்றது என்று இப்போது புரிகிறதா?

“ஆறரைக்கு வந்தா நேரமாச்சுன்னு அவ மூஞ்சியத் திருப்பிக்குவா. ஆறு மணிக்கு வரேன். ஃபாதர், அந்தத் தாளைக் கொடுங்க. நீங்க கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நான் படிக்கணும்.”

படி, அம்மா. ஒவ்வொரு வரியாகப் படி. எழுத்துப்பிழை இருந்தால் அதுவும் என் தலையில்.

அவள் படித்து முடிக்கும்வரை நான் விடைபெற்றுக்கொள்கிறேன். செவி கொடுத்தவர்களுக்கு நன்றி. கையில் தட்டு இருந்தும் எறியாதவர்களுக்கு இரட்டை நன்றி. வருகிற குளிர்காலத்தில் வேலிகள் உயர்ந்து நிற்கட்டும், தரை நன்றாக நனையட்டும், யாருடையதானாலும் புறப்பட்ட குதிரை எல்லாம் நான்கு காலும் நலமாக வீடு திரும்பட்டும். வணக்கம்!