மேல்வில், கீழ்வில்

— நல்லா இருக்குன்னு சும்மா சொல்லாதீங்க அண்ணி. மூஞ்சிக்கு நேரா திட்டுங்க.

— திட்டுறதுக்கு என்ன தம்பி இருக்கு? கம்ப்யூட்டர் வாசிக்குது, நீ தலையாட்டுற.

— கம்ப்யூட்டர் எங்க வாசிக்குது? யாரோ ஒரு வயலின்காரர் ஒவ்வொரு ஸ்வரமா வாசிச்சுப் பதிவு பண்ணி விட்டிருக்கார். மெதுவா ஒண்ணு, அழுத்தமா ஒண்ணு. அதை வாங்கி இந்தக் கீபோர்டுல கோக்குறதுதான் என் வேலை.

— அந்த மனுஷன் தங்கமாத்தான் வாசிச்சிருக்கார். கோத்த லட்சணம்தான் சரியில்ல. ஒரே ‘ப’வை நாலு தடவை அப்படியே வைக்கிற. ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. வில்லு ஒரு தடவை மேல போனா அடுத்த தடவை கீழ வரணும்ல?

— இருங்க... மேல்வில், கீழ்வில், ரெண்டும் தனித்தனியா இருக்கு. மாத்திட்டேன். இப்போ?

— ம்ம். இப்பத்தான் உசிரு வந்திருக்கு.

— வலது கை வராமப் போனதுல இருந்து, வயலின்னு பேச்செடுத்தாலே எழுந்து போயிடுவீங்க. இன்னிக்கு இங்க வந்து உட்கார்ந்தீங்களே, அதுவே எனக்குப் போதும். இன்னும் ஒண்ணு கேளுங்க. அதே மெட்டு, வேற வயலின்.

— போடு... யாருடா இது? ‘க’வைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத்தான் விடுது. பிடிவாதக்காரி போல.

— பிடிவாதக்காரியேதான்.

— தம்பி...

— அண்ணன் கப்பல் வேலைக்குப் போயிருந்தப்போ, காலையில நீங்க பண்ற சாதகத்தை தினம் ஃபோன்ல பதிஞ்சு அனுப்புவீங்களே. ஒவ்வொரு ஸ்வரமா, நீட்டி நீட்டி. அண்ணன் ஒண்ணைக்கூட அழிக்கல. அவர்தான் எடுத்துக் கொடுத்தார். நான் வெட்டி, கீபோர்டுல கட்டைக்கு ஒண்ணா வச்சேன். நடுநடுவுல உங்க குக்கர் விசில் வேற! அதைப் பிரிச்செடுக்குறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு.

— உங்கண்ணன் மூச்சு விடலையே! கல்லுளிமங்கன்.

— கோபமா அண்ணி? கேக்காம செஞ்சது தப்புன்னா அழிச்சிடுறேன்.

— அழிப்பியா? கை வச்சுப் பாரு, தெரியும்! எந்த ஜென்மத்துல என்ன புண்ணியம் பண்ணேனோ, நீங்க ரெண்டு பேரும் எனக்கு வாய்ச்சிருக்கீங்க. நல்லா இருப்படா.

— அழாதீங்க அண்ணி. தண்ணி கொண்டு வரட்டா?

— தண்ணி கிடக்கட்டும். இந்தக் கட்டையை அழுத்த ஒரு கை போதுமா?

— தாராளமா போதும்.

— இடது கைன்னாலும்?

— எந்தக் கையா இருந்தா என்ன?

— அப்போ நாற்காலியை விட்டு எழுந்திரு. நான் வாசிக்கணும்.